கவலையிடம் கணக்குக் கேட்போம்



மே மாதம் பிறந்துவிட்டால் காவிரி டெல்டாக்காரன் பேப்பரைப் பிரித்ததும் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். மேட்டூர் நீர்மட்டம் இன்று எத்தனை அடி? நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. வரத்து எவ்வளவு, கபினியில் எவ்வளவு, கிருஷ்ணராஜ சாகரில் எவ்வளவு என்று டீக்கடை பெஞ்சில் பேச்சு ஓடும். முன்பு அது காலையில் ஒரு தரம். இப்போது செல்போன் வந்த பிறகு மணிக்கு ஒரு தரம். தஞ்சாவூரில் மனநல ஆலோசனை செய்யும் என்னிடம் தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களின் எண்ணிக்கைகூட அந்த நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன்.

பதற்றத்தையும் ஓயாத கெட்ட நினைப்பையும் கையாளக் கற்றுத்தரும் ஒரு சிகிச்சை முறையைப் பற்றி இன்று பேசப் போகிறேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று அதற்குப் பெயர்; சுருக்கமாக சிபிடி. தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் கவலை கற்பனை என்று சொல்ல நான் வரவில்லை. தண்ணீர் வராமல் போனதும், மழை பொய்த்ததும், அறுவடை நேரத்தில் பேய் மழை கொட்டியதும், களத்துமேட்டில் நெல் முளைத்ததும் இந்த மண்ணில் நடந்தவை. ஆகவே "எல்லாம் நல்லதே நடக்கும்னு நினைங்க" என்று சொல்லும் புத்திமதிக்கு இங்கே மரியாதை கிடையாது, கிடைக்கவும் கூடாது. நான் சொல்ல வந்தது வேறு. கவலைக்குக் காரணம் உண்மையாக இருக்கலாம். அதனாலேயே அந்தக் கவலை நம் காதில் ஓதுவதெல்லாம் உண்மையாகிவிடாது.

2016-ஐ நினைத்துப் பாருங்கள். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டிய மேட்டூர் திறந்ததே செப்டம்பர் 20-ல். அதை நம்பி நேரடி விதைப்பு செய்தவர்களை வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. பயிர் காய்ந்ததைப் பார்த்து வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்களைப் பற்றியும், மருந்து குடித்தவர்களைப் பற்றியும் தினமும் செய்தி வந்தது. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளின் பேரில் 2017 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. நிவாரணம் பற்றி நிறையப் பேசினோம். அந்த வீடுகளில் உயிரோடு இருந்தவர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று கேட்ட ஆள் குறைவு. இன்றைய பேச்சுக்கு அதுதான் காரணம்.

இந்தச் சிகிச்சையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற உளவியலாளர் 1950-களின் நடுவில் ஒரு கருத்தை முன்வைத்தார்: நிகழ்ச்சி மட்டும் நம்மைக் கலக்குவதில்லை, அதைப் பற்றி நமக்கு நாமே சொல்லிக்கொள்வதும் சேர்ந்தே கலக்குகிறது. 1960-களில் பிலடெல்பியாவில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர், தன்னிடம் வந்த மனச்சோர்வுக்காரர்களின் பேச்சைக் கூர்ந்து கேட்டார். அவர்கள் மனத்தில் ஒரு நினைப்பு கேட்காமலே, கண நேரத்தில் வந்து விழுந்துவிட்டுப் போகிறது. அதை யாரும் சோதிப்பதே இல்லை. ஆனால் உடம்பும் மனமும் அதற்குக் கட்டுப்பட்டுவிடுகின்றன என்று கண்டார். அந்த நினைப்பைப் பிடித்து, சாட்சி கேட்டு, செய்து பார்த்துச் சோதிக்கும் முறையைத்தான் அவர் வளர்த்தார். 2021-ல் நூறு வயதில் காலமாகும் வரை அதிலேயே இருந்தார்.

இதை நம் ஊரில் எப்படிச் செய்கிறோம்? நான் சொல்லப்போகும் மனிதர் ஒருவர் அல்ல. பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன், யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதற்காக. வெண்ணாற்றுப் பாசனத்தில் கடைமடை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சொந்தம் ஆறு மா, குத்தகை பன்னிரண்டு மா. கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன், வெளியில் வட்டிக் கடன். "ராத்திரி ரெண்டு மணிக்கு டக்குனு முழிப்பு வந்துடுது சார். அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் ஒரே ரோசனை. வயித்தைக் கலக்குது, நெஞ்சு படபடங்குது" என்றார்.

அந்த ரோசனை என்ன என்று கேட்டேன். முதலில் "என்னென்னமோ" என்றார். மெதுவாக, போன ராத்திரி வந்ததை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார்: "ஜூன் பன்னெண்டுக்குத் திறக்க மாட்டாங்க. குறுவை போச்சு. குறுவை போனா எல்லாம் போச்சு. கடனைக் கட்ட முடியாது. நகை ஏலத்துக்குப் போயிடும். பொண்ணு கல்யாணம் நின்னுடும். ஊர்ல தலைகாட்ட முடியாது." மேட்டூரில் தொடங்கிய நினைப்பு மானம் போவதில் வந்து முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குத் தானாகக் கொண்டுபோய் விடுவதுபோல் அவருக்குத் தோன்றியது. நடுவில் நின்று பார்த்ததே இல்லை.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவரச் சொன்னேன். பக்கத்தை நான்காகப் பிரித்தோம். என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அதற்கு ஆதரவாக என்ன சாட்சி, எதிராக என்ன சாட்சி. நினைப்பு வரும்போது பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று ஓரத்தில் ஒரு எண். "குறுவை போனா எல்லாம் போச்சு" என்ற வரிக்கு அவர் போட்ட எண் 90.

இனி சாட்சி. மேட்டூர் திறந்த தேதிகள் ஒளிவுமறைவு இல்லாதவை. 2012-ல் செப்டம்பர் 17. 2013-ல் ஆகஸ்ட் 2. 2014-ல் ஆகஸ்ட் 15. 2015-ல் ஆகஸ்ட் 9. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. 2018-ல் ஜூலை 19. 2019-ல் ஆகஸ்ட் 13. எட்டு ஆண்டு தொடர்ந்து ஜூன் 12-ல் தண்ணீர் வரவில்லை. அவர் பயப்பட்டது எட்டு முறை நடந்துவிட்டது. சரி, அந்த எட்டு ஆண்டிலும் எல்லாம் போனதா? அதற்கு விடை அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. வரவு செலவு எழுதி வைக்கும் பழக்கம் உள்ளவர். அடுத்த முறை பழைய நோட்டுகளைக் கொண்டுவந்தார். இருவரும் உட்கார்ந்து புரட்டினோம். குறுவை எட்டு ஆண்டும் இல்லை. 2016 சம்பா மொத்தமும் சாவி. 2012-ல் பாதிக்கு மேல் போயிருந்தது. கஜா புயல் அடித்த 2018-ல் மாவுக்கு ஐந்து மூட்டைதான். மற்ற ஆண்டுகளில் மாவுக்குப் பத்து, பன்னிரண்டு என்று கண்டிருக்கிறது. இதே எட்டு ஆண்டுக்குள் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. நகை இரண்டு முறை திருப்பி மறுபடி வைக்கப்பட்டிருக்கிறது; ஏலத்துக்குப் போகவில்லை.

இதைப் பார்த்ததும் பயம் பறந்துவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். அவர் நோட்டில் எழுதிய புதிய வரி இது: "தண்ணி தாமதமானா குறுவை போகும். சம்பாவுக்கு வழி இருக்கு. அதுவும் போனா கடன் ஒரு வருஷம் தள்ளும், நிலத்துக்காரர்கிட்டயும் சங்கத்துலயும் பேசணும்." ஓரத்தில் எண் 55. "பயம் இருக்கு சார். ஆனா முன்ன மாதிரி ஒரே ஓட்டமா ஓடல" என்றார். இதைவிட நேர்மையாக இந்தச் சிகிச்சையின் பலனை என்னால் விளக்க முடியாது. அவர் கடைசியாக எழுதியதைக் கவனியுங்கள். பேச வேண்டும் என்று வந்துவிட்டது. "எல்லாம் போச்சு" என்று நினைக்கும் மனிதனுக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. "கடன் ஒரு வருஷம் தள்ளும்" என்று நினைக்கும் மனிதனுக்கு நாளைக் காலை போக ஒரு இடம் இருக்கிறது.

இரண்டாவதாகச் செய்தது, கவலைக்கு நேரம் ஒதுக்கியது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கைகால் கழுவிவிட்டுத் திண்ணையில் இருபது நிமிடம். அன்று வந்த கவலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி: இதில் நான் நாளைக்குச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது, விதை நெல்லில் குறுகிய காலமா மத்திய காலமா என்று வேளாண் அலுவலரைக் கேட்பது, வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பது உண்டு என்ற பக்கம். கர்நாடகத்தில் மழை பெய்வது இல்லை என்ற பக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு நினைப்பு வந்தால், "உனக்கு ஆறு மணிக்கு நேரம் வச்சிருக்கேன்" என்று தள்ளிப்போடுவது. கேட்கும்போது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தவர்களுக்குப் பலன் தெரிகிறது. கூடவே, நீர்மட்டம் பார்ப்பது காலையில் ஒரே ஒரு தரம். நாளைக்கு இருபது முறை பார்த்தாலும் அணையில் ஒரு அங்குலம் ஏறாது. ஆனால் ஒவ்வொரு முறையும் நெஞ்சு ஒரு தரம் பதறி அடங்குகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் நினைப்பைத் திருத்திக்கொள்ளுங்கள், தண்ணீர் கேட்டுத் தெருவுக்கு வராதீர்கள் என்று சொல்ல இந்தச் சிகிச்சையை யாராவது பயன்படுத்தினால் அது அநியாயம். 2018-ல் உச்ச நீதிமன்றம் காவிரி நீரில் தமிழகத்துக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்பளித்தது. அதை மாதக் கணக்குப்படி கேட்டுப் பெறுவது உரிமை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல் நாள்கணக்கில் காத்துக் கிடந்தால் கோபப்படுவது நியாயம். நன்றாகத் தூங்கி எழுந்தவன்தான் அந்தக் கோரிக்கையையும் ஒழுங்காக வைக்க முடியும்.

இனி பட்டுக்கோட்டைப் பக்கத்து ஒரு தாயின் கதை. இவரும் பலர் சேர்ந்த ஒருவர்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயலில் வீட்டுத் தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்தது. பிறகு குழுக் கடன். வாரத் தவணை கட்டும் நாளில் ஒருநாள் திடீரென்று நெஞ்சு அடைத்து, கை விறுவிறுத்து, மூச்சு முட்டி, செத்துவிடப் போகிறோம் என்ற பயம். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஈசிஜி நார்மல். மறுபடி வந்தது, மறுபடி ஈசிஜி, எக்கோ, எல்லாம் நார்மல். "ஒண்ணும் இல்லைம்மா, டென்ஷன்" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கோ அது ஆறுதலாக இல்லை. "ஒண்ணும் இல்லைன்னா ஏன் சார் இப்படி வருது?"

நியாயமான கேள்வி. இதயம், தைராய்டு, ரத்தசோகை எல்லாவற்றையும் முதலில் பார்த்தேயாக வேண்டும். அதில் சமரசம் கூடாது. அவை சரியாக இருந்தால், டேவிட் கிளார்க் என்ற ஆங்கில உளவியலாளர் 1986-ல் சொன்ன விளக்கம் பொருந்துகிறது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. மனசு அதை "ஹார்ட் அட்டாக்" என்று படிக்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது. "பார், நான் சொன்னேனே" என்கிறது மனசு. இந்த வட்டத்தை வாயால் விளக்கினால் மட்டும் போதாது. டாக்டரின் அனுமதியோடு, என் அறையிலேயே இருவரும் உட்கார்ந்து ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விட்டோம். அவருக்குக் கை விறுவிறுத்தது, தலை சுற்றியது, நெஞ்சு அடித்தது. "இதேதான் சார்! இப்படித்தான் வரும்!" என்றார். பிறகு சாதாரணமாக மூச்சு விட்டதும் சில நிமிடத்தில் தானாக அடங்கியது. சாவின் அறிகுறி என்று அவர் நினைத்திருந்தது, வேகமாக மூச்சு விட்டால் யாருக்கும் வருவது என்பதை அவர் உடம்பே அவருக்குக் காட்டியது.

அதன் பிறகுதான் கடினமான வேலை. அந்த அம்மா தனியாகப் பஸ் ஏறுவதை விட்டிருந்தார். ஏறினாலும் படிக்கட்டுப் பக்கத்து சீட், கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரை. கூட்டத்துக்குப் போவதில்லை, தவணையை மருமகளிடம் கொடுத்து அனுப்பிவிடுவார். இவையெல்லாம் தன்னைக் காப்பாற்றுவதாக நம்பினார். உண்மையில் இவைதான் பயத்தைக் காப்பாற்றின.

திருவிடைமருதூர்த் தலபுராணம் உங்களுக்குத் தெரியும். பிரம்மகத்தி பிடித்த வரகுண பாண்டியன் கிழக்கு வாசலால் உள்ளே போனான். அது வெளியே காத்திருந்தது. இறைவன் ஆணைப்படி அவன் மேற்கு வாசலால் வெளியேறித் தப்பித்தான். இன்றும் நாம் வந்த வழியே திரும்புவதில்லை. அரசனுக்கு இறைவன் காட்டிய வழி அது; அதன் மகிமையை நான் குறைத்துப் பேசவில்லை. திருபுவனத்துக்கும் குணசீலத்துக்கும் போய் மன ஆறுதல் பெறுகிறவர்களை நான் தடுப்பதும் இல்லை. ஆனால் நம் அன்றாடப் பயங்களுக்கு மேற்கு வாசலையே தேடிக்கொண்டிருந்தால், அவை கிழக்கு வாசலில் உட்கார்ந்தபடியேதான் இருக்கும். பஸ்ஸைத் தவிர்த்தால் பஸ் பயம் தீராது. ஆகவே படிப்படியாகத் திரும்பிப் போகிறோம். முதலில் மருமகளோடு இரண்டு ஸ்டாப். பிறகு தனியாக இரண்டு ஸ்டாப். பிறகு பாட்டில் இல்லாமல். பயம் ஏறும், இறங்கி ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அது இறங்கும் என்பதை ஒவ்வொரு தடவையும் உடம்பு கற்றுக்கொள்கிறது. அந்த அம்மா இப்போது தஞ்சாவூருக்குத் தனியாக வருகிறார்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று அவர் கேட்கக் கேட்க, "ஆகாதும்மா" என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி வளரும். "தைரியமா இரு" என்பதும் உதவாது. "பயமா இருக்கா, சரி, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், அடங்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள்.

எல்லோருக்கும் நோட்டும் பேனாவும் போதுமா? போதாது. பல வாரமாகச் சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல், "நான் இருந்து என்ன" என்று பேசத் தொடங்கியவருக்கு டாக்டர் வேண்டும், பல நேரம் மருந்தும் வேண்டும். மருந்து சாப்பிடுவது பலவீனம் என்று நினைக்காதீர்கள். சிபிடியும் மருந்தும் சேர்ந்து நடப்பது சாதாரணம். அதோடு, வீட்டில் பூச்சிமருந்து இருக்கும் இடத்தை இன்றே மாற்றுங்கள். சினேகா அமைப்பை 1986-ல் சென்னையில் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் நம் டெல்டாவின் வடகோடியான காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் முறையைச் சோதித்தார்கள். அதன் ஆய்வு 2013-ல் வெளியானது. விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். சாக வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் சில நிமிடம், சில மணி நேரம். அந்த நேரத்தில் டப்பா கைக்கெட்டாமல் இருந்தால் ஓர் உயிர் மிஞ்சுகிறது.

இத்தனை பேருக்கு யார் இந்தச் சிகிச்சையைக் கொடுப்பது? நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான குறைகள் உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்றது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. என்னைப் போன்றவர்களை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது.

ஆனால் வழி இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே நிரூபிக்கப்பட்ட வழி. கோவாவில் விக்ரம் படேலின் சங்காத் அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். இந்தச் சிகிச்சையின் நடத்தைப் பகுதியைத்தான், அதாவது விட்டுப்போன வேலைகளையும் உறவுகளையும் திட்டமிட்டு மறுபடி தொடங்குவதை, சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் மீண்டது 39 சதவீதம். 2017-ல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. அதற்கும் முன்பே, பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் சுகாதாரப் பணிப்பெண்களை வைத்துத் தாய்மார்களுக்கு சிபிடி முறையைக் கொண்டுபோனார்கள். ஆறு மாதம் கழித்து மனச்சோர்வோடு இருந்தவர்கள் 23 சதவீதம். சிகிச்சை கிடைக்காத ஊர்களில் 53.

1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று நம் பக்கத்துத் திருச்சி. 2021 ஆகஸ்டு முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது. அதே வாசலில் நிற்கும் பெண் தன்னார்வலருக்கு, "ராத்திரி தூக்கம் எப்படி, ரோசனை அதிகமா?" என்று கேட்கவும், நோட்டில் நான்கு கோடு போட்டுக்காட்டவும், யாரை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுகொள்ளவும் பயிற்சி தர முடியும். தனியாகச் சம்பளமும் மேற்பார்வையும் இல்லாமல் அவர்கள் தலையில் இன்னொரு சுமையாக ஏற்றக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இதைத் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில், குறுவை தொடங்கும் முன்பாகவே ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இங்கே வந்திருக்கும் செவிலியர்கள் விரும்பினால் நாளையே உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறேன்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது முடியவில்லை என்றால் டெலி மனஸ் எண் 14416. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் "உடம்பு வலி, தூக்கம் இல்லை" என்பதோடு நிறுத்தாமல், "மனசுல ஓயாத பயமா இருக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். டாக்டருக்கு அது பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். வாசலில் மேசை மேல் கோடு போட்ட தாள்கள் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இனி நீங்கள் கேளுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.